கழுகு வந்துதா?

நம் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகையில் "ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?" பகுதிக்கு என்னையும் எழுதச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணூர் போனவர்கள் எழுதியாயிற்று. திருவள்ளூர் போனவர்களும் எழுதியாயிற்று. எல்லாரும் கடைசியில் "இன்பமாக விடுதி திரும்பினோம்" என்று முடித்திருக்கிறார்கள். நான் போய்வந்தது செங்கற்பட்டு வழியாகத் திருக்கழுக்குன்றமும் மகாபலிபுரமும். இன்பமாகத் திரும்பவில்லை. ஆனாலும் ரயில் நேரமும் பஸ் கட்டணமும் என் மனசைப் பார்த்து மாறப்போவதில்லை, அவை உங்களுக்கு உபயோகப்படும். மற்றதைப் படித்துவிட்டு மறக்கிறவர்கள் மறக்கலாம். வார்டன் அம்மாள் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

போனது மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையும் மத்தியானம் வரை ஆபீஸ் நம்மை விடுவதில்லை, ஆகையால் ஒரே நாளில் போய்த் திரும்பும் இடம்தான் நமக்குச் சரிப்படும். இது வெளிக்காரணம். உள்காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கட்டுரை புரியாது. நான் ஸ்டெனோவாக இருக்கும் அதே ஆபீஸில் பில் செக்‌ஷனில் தணிகாசலம் என்று ஒருவர். செங்கற்பட்டுக்காரர். சீசன் டிக்கெட் வைத்துக்கொண்டு தினம் ரயிலில் வந்து போகிறவர். அவரும் நானும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். அவருக்கு அப்பா இல்லை, அம்மா ஒருத்திதான். அம்மா சரியென்றால் சித்திரையில் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். எனக்கு வயது இருபத்தாறு. என் அப்பாவும் இல்லை. அண்ணன் வேலூரில் இருக்கிறான், தங்கைக்கு வரன் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் பார்ப்பான்.

பஜ்ஜி சொஜ்ஜி வைத்துப் பெண் பார்க்க எனக்கு வீடும் இல்லை, வாசலில் நின்று வரவேற்க ஆளும் இல்லை. ஆகையால் தணிகாசலமே ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற வருவதுபோல் நான் செங்கற்பட்டுக்கு வருவது, அவரும் அம்மாவும் அங்கே சேர்ந்துகொள்வது, போகிற போக்கில் அம்மா என்னைப் பார்த்துக்கொள்வது. எனக்கும் அது பிடித்திருந்தது. நாற்காலியில் பொம்மை மாதிரி உட்காருவதைவிட மலையேறுவது மேல் என்று நினைத்தேன். தனியாகப் போனால் நன்றாயிராதென்று என் அறைத்தோழி நூர்ஜஹானை இழுத்துக்கொண்டு போனேன். உங்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும், விடுதிக்குப் புதிதாக வந்த பெண்களுக்காகச் சொல்கிறேன்: கோவளத்துக்காரி, முத்தியால்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியாரம்மா, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை எனக்காக விட்டுக்கொடுத்த ஒரே ஜீவன்.

இனி பிரயாண விவரம். எழும்பூரில் காலை ஆறரைக்கெல்லாம் மின்சார ரயில் பிடித்துவிடுங்கள். அது தாம்பரத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் கரிவண்டிதான். தாம்பரத்தில் இறங்கி, பாலம் ஏறி அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓட வேண்டும். ஆற அமர நடந்தால் உட்கார இடம் கிடைக்காது. எழும்பூரிலிருந்து செங்கற்பட்டு முப்பத்தைந்து மைல், மூன்றாம் வகுப்பு பதினைந்தணா. ஜன்னலோரம் ஆசைப்படுகிறவர்கள் எஞ்ஜினுக்கு முதுகு காட்டி உட்காரவும். நான் எதிரே பார்த்து உட்கார்ந்து, வண்டலூர் தாண்டுவதற்குள் கண்ணில் கரித்தூள் விழுந்து, சிங்கப்பெருமாள்கோயில் வரை அழுதுகொண்டே போனேன். பெண் பார்க்கப்படப் போகிறவள் கண் சிவந்து இறங்கினால் எப்படியிருக்கும்? நூர் தன் கைக்குட்டையைச் சுருட்டி வாயால் ஊதி ஊதி ஒத்தடம் கொடுத்தாள். செங்கற்பட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஒட்டியே கொளவாய் ஏரி வரும். தண்ணீர் நிறைய இருந்தது. அதை மட்டும் அழாமல் பார்த்தேன்.

பிளாட்பாரத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். தணிகாசலத்தின் அம்மா ஒல்லி, உயரம், வெள்ளைப் புடவை. என் கண்ணைப் பார்த்ததுமே, "கரி விழுந்துச்சா கண்ணு? தேய்க்காதே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் பயம் பாதி போய்விட்டது. நூரைப் பார்த்து, கோயில் மலைக்கு இவர்கள் வரலாமா என்று மகனிடம் தணிந்த குரலில் கேட்டாள். கழுகு பார்க்க எல்லாரும்தான் வருகிறார்கள், வெள்ளைக்காரர்களே காமிராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று அவர் சொன்னார். சரி என்று நூரிடமும் எந்த ஊர் என்று ஒரு வார்த்தை விசாரித்தாள்.

செங்கற்பட்டு ஸ்டேஷனுக்கு வெளியே பஸ் நிற்கும். திருக்கழுக்குன்றம் ஒன்பது மைல், ஆறணா. பஸ்ஸில் தணிகாசலத்தைப் பற்றி ஒன்று கவனித்தேன். பஸ் வந்து நிற்பதற்குள் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு நான்கு பேருக்கும் இடம் பிடித்துவிட்டார். எனக்கு ஜன்னலோரம். இப்படிப்பட்ட ஆளைக் கட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை என்று பெருமைப்பட்டேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நினைத்தேன்.

வழியெல்லாம் அம்மா என்னை விசாரித்துக்கொண்டே வந்தாள். சமைப்பேனா, மோர்க்குழம்புக்கு அரைத்துவிடுவேனா கரைத்துவிடுவேனா, ஆபீஸில் எத்தனை பெண்கள், கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போக உத்தேசமா. போக உத்தேசம்தான் என்று சொன்னேன். "போயேன். ரெண்டு பேரும் ஒரே ரயில்ல போய் ஒரே ரயில்ல வாங்க. நான் ஆக்கிவச்சிர்றேன்" என்றாள். அந்தக் காலத்தில் தனக்குப் பள்ளிக்கூடமே கிடையாது, இனிமேலாவது ஒருத்தி படித்ததற்குப் பலன் இருக்கட்டும் என்றும் சொன்னாள். சுதந்திரம் வந்து எட்டு வருஷத்தில் அது என் வரைக்கும் எட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றத்துக் கழுகைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: மலைமேல் ஒரு பாறை. தினமும் உச்சிப்பொழுதுக்கு முன்பின்னாக இரண்டு கழுகுகள் வந்து, பண்டாரம் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். காசியில் ஸ்நானம், இங்கே சாப்பாடு, ராமேசுவரத்தில் தரிசனம் என்பார்கள். வந்தால் பார்த்தவர்களுக்குப் புண்ணியம். வராவிட்டால் கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறான் என்று அர்த்தமாம். இதை அந்த ஊரில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். மலையிலிருந்து இறங்கி வருகிற எவரையும் எதிரில் வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கழுகு வந்துதா?"

அடிவாரத்தில் பூக்காரி உட்கார்ந்திருந்தாள். அம்மா இரண்டு முழம் மல்லிகை வாங்கினாள். வாங்கியதைத் தன் கையால் எனக்குக் கொடுக்காமல், பூக்காரியையே என் தலையில் வைத்துவிடச் சொன்னாள். தாலியறுத்தவள் தொட்டு வைக்கக் கூடாதாம். எனக்கு அது பொறுக்கவில்லை. நம் விடுதியில் நாம் பேசுகிற பேச்செல்லாம் நாக்கில் வந்து நின்றது. "நீங்களே வையுங்கம்மா" என்றேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். தணிகாசலம் செருப்பை விடுவதில் மும்முரமாக இருந்தார். கடைசியில் அம்மா வைத்தாள். திரும்பிப் பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர். பதினோரு வருஷமாகப் பூவைத் தொடவில்லை என்றாள். இந்தக் கல்யாணம் நடந்துவிட்டது என்று அந்த இடத்தில் முடிவு செய்துவிட்டேன். ஏறும்போது தன் பையை என்னிடம் கொடுத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா ஏறினாள்.

படிகள் ஐந்நூறுக்கு மேல் இருக்கும். வயதானவர்களுக்கு டோலி உண்டு. பதினொன்றுக்கு முன் ஏறிவிடுங்கள், அப்புறம் படி சுடும். மேலே நல்ல கூட்டம், எப்படியும் இருநூறு பேர். பண்டாரம் பாத்திரத்தோடு வந்து பாறையில் உட்கார்ந்தார். கிண்ணத்தைத் தட்டினார். எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். ஒரு காக்கை வந்தது. குழந்தைகள் அதையே கழுகு என்று கத்தின. பிறகு அதுவும் போய்விட்டது. பன்னிரண்டு அடித்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கழுகு வரவில்லை.

முதலில் முணுமுணுப்பு. பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு மனுஷர், நல்ல ஜரிகை வேட்டி, திரும்பி நின்று உரக்கவே சொன்னார்: "பாவம் பண்ணவங்க யாரோ நம்ம நடுவுல கீறாங்க. அதான் எறங்கமாட்டேங்குது." அவ்வளவுதான், கூட்டம் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தது. இருநூறு பேர் பார்வையும் முதலில் எங்கே போய் நின்றது தெரியுமா? என் பக்கத்தில் இருந்த வெள்ளைப் புடவையின் மேல். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அவள் முகம் சுருங்கி இத்தனூண்டு ஆயிற்று. அடுத்த நிமிஷம் அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, என் தலையில் இருந்த பூவை. அவள் பார்த்ததும் சுற்றி இருந்தவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் அப்பவே வேணாம்னேன். நீதான் கேக்கல" என்றாள், மெதுவாக. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஏன், சிரித்திருந்தால்கூடப் போதும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி பஸ்ஸுக்குக் கூட்டம் நெரியும், முன்னால் போய் இடம் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டார். அத்தனை பேரிலும் முதலில் இறங்கிய ஆள் அவர்தான். அம்மாவும் பின்னாலேயே இறங்க ஆரம்பித்தாள். தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கிட்டே போனேன். வேண்டாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்தக் கூட்டத்தோடு இறங்கப் பிடிக்கவில்லை. பாறை நிழலில் நூரும் நானும் உட்கார்ந்துவிட்டோம். கூட்டம் கரைந்தது. பண்டாரம்கூடப் பாத்திரத்தை மூடப் போனார். அப்போது நூர் என் தொடையைக் கிள்ளினாள். வடக்கே இரண்டு புள்ளி. வட்டம் போட்டுத் தாழ்ந்து, தாழ்ந்து, இரண்டும் பாறையில் வந்து இறங்கின. அழுக்கு வெள்ளை நிறம், மஞ்சள் மூக்கு. ராஜகம்பீரமெல்லாம் ஒன்றுமில்லை, நம் விடுதிக் கோழி மாதிரிதான் நடந்து வந்தன. பண்டாரம் நீட்டியதைக் கொத்தித் தின்றன, கிண்ணத்தில் மூக்கைத் துடைத்தன, பறந்துவிட்டன. கீழே பார்த்தேன். பாதிப் படியில் வெள்ளைப் புடவை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பண்டாரம் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "சில நாள் இப்டிதாம்மா, கூட்டம் கலைஞ்சாதான் வரும். இன்னிக்கு உங்க ரெண்டு பேருக்குத்தான் கொடுப்பினை" என்றார். நூர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தன் வீட்டில் போய் இதைச் சொன்னால் செருப்பால் அடிப்பார்கள் என்றாள். மலைமேல் சிரித்தது அது ஒரு தடவைதான்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் துண்டு போட்டு வைத்திருந்தது. அம்மா வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே கேட்டான், "இன்னாம்மா, கழுகு வந்துதா?" அம்மா, "வரலை. யார் பண்ண பாவமோ" என்றாள். நான் வாயைத் திறந்தேன். திறந்தவள் மூடிக்கொண்டேன். இருநூறு பேர் அவளைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. அவள் இறங்கிய பிறகு கழுகு வந்தது என்று பஸ்ஸில் வைத்துச் சொன்னால் அது எங்கே போய் நிற்கும்? முதலில் அவரிடம் தனியாகச் சொல்லலாம், மகனாயிற்றே, பக்குவமாகச் சொல்லத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மகாபலிபுரம் இன்னொரு ஒன்பது மைல், மறுபடி ஆறணா. கால்வாயைத் தாண்டியதும் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். ஊர் சின்னது. சாப்பாட்டுக் கடையை நம்பிப் போகாதீர்கள், கட்டுச்சாதம் கொண்டுபோங்கள். அம்மா புளிசாதம் கொண்டுவந்திருந்தாள். நான்கு பேருக்கும் இலை போட்டாள், என் இலையை மட்டும் தணிகாசலம் வாங்கிக் கொடுக்கும்படி ஆயிற்று. நூர் இலையைக்கூடத் தன் கையால் வைத்தாள்.

பார்க்க வேண்டியவை: ஐந்து ரதங்கள், கடற்கரைக் கோயில், சரிவில் உருளாமல் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறை, அர்ச்சுனன் தபசு. எல்லாம் நடக்கிற தூரம்தான். அர்ச்சுனன் தபசில் யானைக்குக் கிட்டே ஒரு பூனை இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். ஒற்றைக் காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். தணிகாசலம் அதைக் காட்டி எங்களுக்கு விளக்கமாகக் கதை சொன்னார். காலையிலிருந்து அவர் அவ்வளவு பேசியது அந்தப் பூனையைப் பற்றித்தான்.

மூன்று மணிக்கு அம்மா ரதத்து நிழலில் கண்ணயர்ந்தாள். நாங்கள் மூவரும் கடலைப் பார்க்க நடந்தோம். அங்கேதான் சொன்னேன்.

"கழுகு வந்துது. நீங்க ரெண்டு பேரும் இறங்கினப்புறம்."

அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். வெளிறிப்போயிற்று. "அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றார். அம்மா இறங்கிய பிறகு வந்தது என்று தெரிந்தால் பழியெல்லாம் தன்மேல் என்று அவள் உடைந்துபோவாள், அப்பா போனதிலிருந்தே அப்படித்தான், யார் வீட்டுப் பால் திரிந்தாலும் தன்னால்தான் என்று நினைக்கிற சுபாவம் என்றார். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. பூ வைத்தபோது அந்தக் கண்ணீரைப் பார்த்தவள் நான்.

"இப்போ அது யார்மேல இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அம்மாவிடம் போய், அது பறவைம்மா, ஒருநாள் வரும் ஒருநாள் வராது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, நான் இந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். அம்மாமேலும் பழி வேண்டாம், என்மேலும் வேண்டாம். பில் செக்‌ஷனில் இதைவிட நீளமான வாக்கியமெல்லாம் எழுதுகிறவர்தான்.

நூருக்கு எங்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. விளையாட்டாகத்தான் சொன்னாள்: "எதுக்கு ரெண்டு பேரும் மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு நிக்கிறீங்க? துலுக்கச்சி கூட வந்தா, அதான் கழுகு வரலைன்னு சொல்லிடுங்க. நான் இன்னா மறுபடி வரப்போறேனா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு, "அப்படிச் சொல்லலாம். அம்மா நம்புவாங்க" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், பஸ்ஸில் சீட் கிடைத்தபோது வருமே, அதே நிம்மதி. நூர் சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு ரதத்துப் பக்கம் நடந்துவிட்டாள். என்னைப் பாவி என்றபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை. இதுவரை அவர் அவர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். இனிமேல் அவன்.

திரும்பும்போது நாலரை மணிக்குப் புறப்பட்டால்தான் செங்கற்பட்டில் மாலை ரயில் பிடிக்க முடியும். நேர் டிக்கெட் பன்னிரண்டணா. வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஏறிய கூட்டம் முழுக்க அதே கேள்வி, அதே பேச்சு. நூர் ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியபடியே வந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இதில் உன் தப்பு என்ன என்றாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

செங்கற்பட்டு பிளாட்பாரத்தில் எங்களை ஏற்றிவிட இருவரும் வந்தார்கள், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ரயில் வரும் மணி அடித்தாயிற்று. அவர்கள் எதிர்வீட்டு அம்மாள் யாரையோ அழைத்துப்போக வந்திருந்தாள். "எங்க, குன்றத்துக்கா? கழுகு வந்துதா?" என்று கேட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவன் முந்திக்கொண்டான்.

"வரலைங்க. கூட வேற ஆளுங்க வந்திருந்தாங்க, அதான்..." என்று இழுத்து நூர் பக்கம் கண்ணைக் காட்டினான்.

"வந்துதுங்க" என்றேன் நான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ரெண்டும் வந்து வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போச்சு. நாங்க ரெண்டு பேரும் கண்ணாரப் பார்த்தோம். இவர்தான் சீட் பிடிக்கணும்னு எல்லாருக்கும் முன்னாடி இறங்கி ஓடினாரு. இவர் போனப்புறம்தான் வந்துது."

எதிர்வீட்டு அம்மாள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அந்தப் பார்வை எப்படியிருக்கும் என்று இப்போது அவனுக்கும் தெரிந்திருக்கும். அம்மா என் கையைப் பிடித்தாள். "அப்போ நானு?" என்று கேட்டாள். கேட்கும்போது உதடு கோணிப்போயிற்று.

"நீங்க அப்போ பாதிப் படியிலதான் இருந்தீங்கம்மா. மலையை விட்டு இறங்கவே இல்லை. திரும்பிப் பார்த்திருந்தா நீங்களும் பார்த்திருப்பீங்க. உங்க கையால வச்ச பூவோடதான் நான் பார்த்தேன்."

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவள் கையை விடவில்லை. வண்டி வந்து, நாங்கள் ஏறி, அது நகர்ந்த பிறகுதான் விட்டாள். அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. தாம்பரம் வரை நான் அழுதேன். இந்தத் தடவை கரித்தூள் இல்லை. எதிரில் பார்க்காமல் எஞ்ஜினுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவன் என் டைப்ரைட்டர் பக்கத்தில் வந்து நின்றான். அம்மா இரவெல்லாம் தூங்கவில்லையாம், பெரிய மனசு அந்தப் பெண்ணுக்கு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாளாம். "அம்மா சரின்னுட்டாங்க. சித்திரையிலேயே வச்சுக்கலாமாம்" என்றான். மறுபடி அதே முகம், ஜன்னலோரம் துண்டு போட்டுவிட்ட முகம். அப்புறம் லேசாகச் சிரித்து, ஆனாலும் எதிர்வீட்டுக்காரி முன்னால் பழியை என்மேல் போட்டுவிட்டாயே என்றான். நூரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெண் பார்த்துவிட்டு பஜ்ஜியையும் தின்றுவிட்டு எழுந்திருக்கிறவர்கள் ஒரு வாக்கியம் சொல்வார்களே, இங்கே பாதிப்பேர் அதைக் காதால் கேட்டவர்கள்தான். அதையே சொன்னேன்.

"ஊருக்குப் போய் லெட்டர் போடறேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்னும் அதே ஆபீஸ்தான், அதே பில் செக்‌ஷன்தான். ஆசைப்பட்டது நிஜம், அது ஒரே நாளில் போய்விடவில்லை. அந்த அம்மாளோடு ஒரு வீட்டில் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். மகனைக் கட்டாமல் மாமியாரை மட்டும் அடைய இந்த உலகத்தில் வழியில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. மாசிக்குப் பிறகு போகாதீர்கள், வெயில் தாங்காது. தண்ணீர் கூஜா கையோடு இருக்கட்டும். ரயில், பஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூன்றரை ரூபாயில் முடியும். சேர்ந்து போகிறவர்களில் ஒருத்தியாவது நூர் மாதிரி இருந்தால் நல்லது. விடுதிக் கதவு ஒன்பதுக்குச் சாத்துவதால் மாலை ரயிலைத் தவறவிடாதீர்கள்.

கழுகு பன்னிரண்டுக்குள் வரும் என்பார்கள். வராவிட்டால் பதறி எழுந்திருக்காதீர்கள். பாறை நிழலில் உட்கார்ந்திருங்கள். வானத்தைப் பார்க்க ஊரே இருக்கிறது. நீங்கள் படிப்பக்கம் பாருங்கள், உங்களோடு வந்தவர்களில் யார் முதலில் இறங்குகிறார்கள் என்று.